முனீஸ்வரனின் காத்துப் பெஞ்சு

என் தையல் கடைக்கும் முனீஸ்வரனின் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான். அதைக் கட்டிய கொத்தனார் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும், ஆனால் இன்னும் ஒரு செங்கல் தடிமனாகக் கட்டியிருக்கலாம். அருப்புக்கோட்டை திருச்சுழி ரோட்டில் கடை பிடித்தபோது வாடகையைக் கேட்டேன், தண்ணீர் வருமா என்று கேட்டேன், பக்கத்துக் கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

வந்தது முனீஸ்வரன். ஒல்லியான ஆள், எப்போதும் கசங்கிய சட்டை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், இவன் இஞ்சின் வால்வு ஒன்றை வைத்திருப்பான். தண்டு நீளமாக, தலை குடை விரித்த மாதிரி இருக்குமே, அதுதான். அந்த வால்வு திறந்தால் இஞ்சினுக்குள் காற்று போகும், மூடினால் நிற்கும். குடையின் அடிப்பக்கம் எந்த வளைவில் இருக்கிறதோ அதைப் பொறுத்துக் காற்று சுலபமாகவோ முக்கி முனகியோ உள்ளே போகுமாம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அவனிடம் ஒரு டீ குடித்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

எதைப் பார்த்தாலும் அதற்குள் காற்று எப்படி வளையும் என்றுதான் அவனுக்கு யோசனை. அவன் கல்யாணத்தில் தாலி கட்டச் சொல்லி ஐயர் கையைத் தொட்டு எழுப்பினார் என்று அவன் மனைவி தங்கச்செல்வியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை நாதஸ்வரத்தின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"அந்த வளைவ இஞ்சினுக்குக் காத்து போற இன்லெட்டுக்குக் குடுத்தா எப்படி இருக்கும்னு நெனச்சேன்னு அன்னிக்கு ராத்திரி சொல்றாகக்கா இவுக. மொதப் பேச்சே அதுதான்" என்றாள்.

ஐ.டி.ஐ. முடித்து, கோயம்புத்தூரில் பந்தய பைக்குகளுக்கு இஞ்சின் வேலை பார்க்கிற ஒரு பட்டறையில் இருந்தான். நல்ல சம்பளம். அங்கேதான் அந்தச் சனியனை முதலில் பார்த்திருக்கிறான். ஃப்ளோ பெஞ்ச் என்று பெயர். இஞ்சினின் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கிற தலைப்பாகத்தைக் கழற்றி அதன்மேல் வைத்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு திறப்பிலும் எவ்வளவு காற்று இழுபடுகிறது என்று அளக்கலாம். ஆனால் அது முதலாளியுடையது, தொடுவதற்கெல்லாம் அனுமதி கேட்க வேண்டும். தனக்கென்று ஒன்று வேண்டும் என்பதற்காகவே வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி வந்தான். சொந்த வீடு வேண்டும் என்று வேலையை விட்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சொந்தமாகக் காற்று அளக்க வேலையை விட்டவன் இவன் ஒருவன்தான்.

மதுரையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து வாக்குவம் கிளீனர் மோட்டார்களாக வாங்கி வந்தான். அவற்றை ஒரு பிளைவுட் பெட்டிக்குள் அடைத்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூபைச் சுவரில் ஆணி அடித்து வளைத்து மாட்டி, தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிவதற்காகச் சொட்டு நீலம் கலந்தான். நீலத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அதை வைத்துக் காற்றின் கணக்கு. காற்று நுழைகிற வாயைச் சுற்றி வழவழப்பாக ஒரு கரை வைக்க வேண்டுமாம். முதலில் கண்மாய்க் களிமண் வைத்தான். நம் ஊர் வெயிலில் அது மதியத்துக்குள் வெடித்துவிட்டது. அப்புறம் தங்கச்செல்வி பிசைந்து வைத்த சப்பாத்தி மாவு. அது நன்றாக நின்றது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ராத்திரி தோசைதான்.

பெஞ்சைப் போட்டால் வருகிற சத்தம் இருக்கிறதே, அதை எழுத்தில் எழுத முடியாது. என் கடையில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடம் கழுத்து இறக்கம் எவ்வளவு என்பதைக் கையால் காட்டித்தான் கேட்பேன். தெருவில் அதற்குக் காத்துப் பெஞ்சு என்று பெயர் விழுந்தது. மளிகைக் கடை சண்முகவடிவு ஒருநாள் உடைத்த உளுந்தை மூட்டையோடு கொண்டுவந்து, "தம்பி, தொலி மட்டும் போற மாதிரி ஒரு இழு இழுத்துக் குடேன்" என்று கேட்டாள். முனீஸ்வரன் அரைமணி நேரம் பேசி அது எதற்கான பெஞ்சு என்று விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப கொத்தமல்லி?" என்றாள்.

பட்டறைக்கு வேலை வராமல் இல்லை. டிராக்டர் ஹெட், பைக் ஹெட் எல்லாம் வரும். வால்வைத் தேய்த்துக் கொடு, வால்வு உட்காருகிற சீட்டை ஒட்டிக் கொடு, அவ்வளவுதான் கேட்பார்கள். "உங்க வண்டிக்குக் காத்து எப்படிப் போகுதுன்னு பெஞ்சுல பாத்துருவமா?" என்று இவன் கேட்டதும், ஏதோ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எழுதிக் கொடுத்த மாதிரி முகம் மாறி, "அதெல்லாம் வேணாம், சாயங்காலம் ஏர் ஓட்டணும்" என்று எழுந்து போய்விடுவார்கள். ஒரு ஆள்கூடப் பெஞ்சுக்கென்று வரவில்லை.

இந்த நேரத்தில் கோயம்புத்தூர் முதலாளி மறுபடி போன் செய்தார். வா, பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது என்றார். தங்கச்செல்வி பொறுமைசாலி, ஆனால் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. பட்டறை வாசலில் நின்று, எனக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி இந்தப் பெஞ்சால நல்லா ஓடுதுன்னு ஊர்ல யாராச்சும் சொல்லட்டும், நான் வாயத் தெறக்க மாட்டேன். இல்லன்னா இதக் காயலாங்கடைல போட்டுட்டுக் கோயம்புத்தூர் போறோம்."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் அம்மனுக்கு ஒரு பொங்கல் வேண்டிக்கொண்டேன். எதற்கு என்று சொல்லவேண்டியதில்லை.

இந்தச் சேதி தங்கச்செல்வியின் அண்ணன் வீரணன் காதுக்குப் போனது. வீரணன் எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நான் தினமும் ரெட்டியபட்டியிலிருந்து அவன் வண்டியில்தான் கடைக்கு வருகிறேன். அப்பா அம்மா போனபிறகு தங்கச்சியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன் அவன். வாரத்தில் பாதி நாள் அவளோடு சண்டை போடுவான், மீதிப் பாதி நாள் சண்டையைச் சமாதானம் செய்ய மிக்சர் பொட்டலத்தோடு போய் நிற்பான். அவள் கோயம்புத்தூர் போய்விடுவாள் என்றதும் ஆளுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே பட்டறைக்கு வந்து சாவியை மேசையில் வைத்தான்.

"மாப்ள, என் வண்டி ஹெட்டக் கழட்டு. ஒம் பெஞ்சுல வச்சு என்ன செய்யணுமோ செய்யி."

முனீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்லெட் வால்வைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டான், குடையின் அடிப்பக்கத்தை ஒல்லியாகச் செதுக்கினான், காற்று வருகிற துளையை அகலப்படுத்தினான். பெஞ்சில் ஏற்றி வால்வை முழுக்கத் திறந்ததும் நீலத் தண்ணீர் இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியது. அன்று அவன் சந்தோஷத்தில் எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். நான் அதைக் குடித்தேன். டீ மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை.

மறுநாள் காலை வீரணன் வண்டியில் ஏறினேன். ஏறியதும் தெரிந்தது. வண்டி நின்ற இடத்திலிருந்து நகர மாட்டேன் என்றது. முக்கியது, குலுங்கியது, பின்னால் மோர்க்காரி முத்துப்பேச்சி "யாராச்சும் எறங்கித் தள்ளணுமா?" என்று கேட்டாள். ஆனால் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அப்புறம் அது ஷேர் ஆட்டோ இல்லை. கருவேல மரமெல்லாம் பச்சைக் கோடாகப் போனது. முத்துப்பேச்சி மோர்க்குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள்.

பந்தயத்துக்கு இது சரி. ஷேர் ஆட்டோ என்பது என்ன? ரோட்டோரம் ஒரு கை நீண்டால் நிற்க வேண்டும், பத்தடி தள்ளி இன்னொரு கை நீண்டால் அங்கேயும் நிற்க வேண்டும். அதுதான் அந்தத் தொழில். இந்த வண்டியை நிறுத்தினால் மறுபடி எழுப்புவதற்குள் விடிந்துவிடும். ஆகவே வீரணன் நிற்பதையே விட்டுவிட்டான். கை காட்டுகிறவர்களைப் பார்க்காத மாதிரி எதிர்ப்பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவான். அந்த வயலில் ஒன்றும் இல்லை, தரிசு. இறங்குகிறவர்கள் ஒரு ஊருக்கு முன்பே சொல்ல வேண்டும். அப்போதும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவான், அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பி நடக்க வேண்டும்.

ஆனால் பட்டறையில் போய் அவன் சொன்னது வேறு.

"பறக்குது மாப்ள" என்றான்.

"பிக்கப்பு எப்படி மச்சான்?"

"அதான் பறக்குதுன்னு சொல்றேன்ல."

நான் சும்மா இருப்பேனா? கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே போய்ச் சொன்னேன். "தம்பி, வண்டி நகரவே மாட்டேங்குது. நின்ன எடத்துல மாடு மாதிரி படுத்துக்கிருது."

முனீஸ்வரன் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தான். "யக்கா, ஒங்களுக்குச் சத்தம் கஷ்டமா இருக்குன்னு தெரியும். அதுக்காக இப்படிச் சொல்லலாமா?" தங்கச்செல்வியும் அதையேதான் சொன்னாள். சண்முகவடிவும் சொன்னாள். பெஞ்சு வந்த நாளிலிருந்து சத்தத்துக்காக நான் சண்டை போட்டதன் பலன், உண்மை சொன்னபோது ஒரு ஈ காக்கா நம்பவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டேன்.

முனீஸ்வரனோ மச்சான் வார்த்தையை நம்பி, அதே வழியில் இன்னும் மேலே போனான். இன்னும் ஒல்லியான வால்வு, இன்னும் அகலமான துளை. ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சுப் பரவி, இம்மானுவேல் என்கிற டிரைவர் தன் வண்டிக்கும் அதே வால்வு வேண்டும் என்று வந்து கேட்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் தயாராக இருந்தார்கள். வீரணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. உண்மையைச் சொன்னால் தங்கச்சி போய்விடுவாள், சொல்லாவிட்டால் ஸ்டாண்டு வண்டி எல்லாம் படுத்துவிடும். "வெயில் குறையட்டும் இம்மானுவேலு, இப்பத் தலையக் கழட்டுனா இஞ்சினுக்குச் சூடு பிடிச்சுக்கிரும்" என்று ஏதோ உளறி நாள் கடத்தினான்.

இது உடைந்தது ஒரு வியாழக்கிழமை. தங்கச்செல்வி ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு, கையில் தாம்பூலப் பையும் ஒரு பலாப்பழமுமாகக் கண்மாய்க்கரை ஏற்றத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் வண்டி வருவதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினாள். நான் முன் சீட்டில் இருந்தேன்.

"ஏப்பா, ஒந் தங்கச்சி நிக்குது" என்றேன்.

"தெரியும்க்கா. பேசாம வாங்க. இங்க நின்னா ஏத்தம் ஏறாது."

நேராகப் பார்த்துக்கொண்டே அவளைக் கடந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, பலாப்பழம் மட்டும் கீழே விழுந்திருந்தது. எனக்கே மனசு ஆறவில்லை. வீரணன் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவில்லை.

நாங்கள் பட்டறைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அவள் இம்மானுவேல் வண்டியில் வந்து இறங்கினாள். பெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் அன்று முதன்முறையாகப் பெஞ்சுச் சத்தம் கேட்கவில்லை.

"நான் என்ன தெருவுல போற நாயா? கூடப் பெறந்தவ கை காட்டுறேன், வயலப் பாத்துக்கிட்டுப் போற?"

வீரணன் தலையைச் சொறிந்தான். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வண்டி நகரவில்லை, பறக்குது என்று சொன்னது பொய், தங்கமாரியக்கா, அதாவது நான், சொன்னதுதான் நிஜம். "நல்லா ஓடலைன்னு சொன்னா நீ கோயம்புத்தூரு போயிருவ. அதான் தாயி."

தங்கச்செல்வி திட்டுவதை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முனீஸ்வரன்தான் கோபப்பட்டான். அவன் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. பெஞ்சை அணைத்தான்.

"மச்சான், இந்தப் பெஞ்சு எனக்குக் காத்த மட்டுந்தான் காட்டும். ரோட்டுல எப்படின்னு வண்டி ஓட்டுற ஆளு சொல்லணும். அந்த ஒண்ண நம்பித்தான் இம்புட்டு நாளா செதுக்குனேன். அம்புட்டும் தப்பான பக்கத்துக்குச் செதுக்கியிருக்கேன்."

பிறகு தானே தலையில் அடித்துக்கொண்டான். தப்பு தனக்கும் உண்டு என்றான். வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது வருகிற பெரிய நம்பரை மட்டும் பார்த்து மயங்கிவிட்டானாம். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிட்டுப் போகும், விரலை எடுத்தால் சொத்தென்று காலடியில் விழும். துளையை அகலமாக்கியதில் இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது காற்று அப்படித்தான் சோம்பேறியாக உள்ளே விழுந்திருக்கிறது. நின்று நின்று கிளம்புகிற வண்டிக்கு வேண்டியது பெரிய நம்பர் இல்லை, வால்வு கொஞ்சமாகத் திறக்கும்போதே வேகமாக நுழைகிற காற்று.

பழைய அளவில் ஒரு ஹெட்டைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பித்தான். அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழாவைச் சாட்டி அறிவித்துவிட்டார்கள், நாள் அதிகமில்லை. சிறிய துளை, வேறு வளைவு. நீலத் தண்ணீர் பழைய உயரத்துக்கு ஏறவில்லை, அதைப் பார்க்க அவனுக்கு வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ரோட்டில் ஓட்டிப் பார்த்து உண்மை சொல்ல யார்? வீரணன் எது போட்டாலும் நன்றாக இருக்கிறது என்பான். தங்கச்செல்வியும் புருஷன் முகத்தைப் பார்த்தால் மாற்றிச் சொல்ல மாட்டாள்.

என் கடைக்கு வந்து நின்றான்.

"யக்கா, நீங்கதான் வண்டியில ஒக்காந்து சொல்லணும்."

"எனக்கு ஒஞ் சத்தம் நிக்கணும் தம்பி. நான் நல்லாருக்குன்னு சொல்லுவேனா?"

"அதான்க்கா வேணும். நீங்களே நல்லாருக்குன்னு சொன்னா அது நல்லாத்தான் இருக்கும்."

கடையைச் சாத்திவிட்டுப் போனேன். முதல் வால்வு குலுங்கியது, நன்றாக இல்லை என்றேன். அடுத்தது கிளம்பியது, ஆனால் ஆள் ஏறியதும் இருமியது. "இது காசநோய்" என்றேன். முனீஸ்வரன் முகம் சுருங்கும், மறு பேச்சுப் பேசாமல் ஹெட்டைக் கழற்றுவான். பொய் சொல்லவில்லை, ஆனால் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

பொங்கலுக்கு முந்தின நாள் கடைசி வால்வு. இதற்கு மேல் நேரமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டி நிறைய ஆள். வீரணன் ஓட்ட, முனீஸ்வரன் பக்கத்தில், பின்னால் நான், தங்கச்செல்வி, முத்துப்பேச்சி, இன்னும் இடித்துக்கொண்டு மற்றவர்கள். கண்மாய்க்கரை ஏற்றத்துக்குப் போனதும் சொன்னேன்.

"நடு ஏத்தத்துல நிப்பாட்டு."

"அக்கா, அங்க யாருமே நிப்பாட்ட மாட்டாக" என்றான் வீரணன்.

"நிப்பாட்டுன்னா நிப்பாட்டு."

நிறுத்தினான். கிளம்பச் சொன்னேன். மனசுக்குள் நின்றுவிடு, நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டேன். வண்டி ஒரு உறுமல் உறுமியது, முக்கவில்லை, அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு மேலே போனது. பத்தடியில் மறுபடி நிறுத்தச் சொன்னேன். மறுபடி எடுத்தது. கரை உச்சிக்கு வந்ததும் வீரணன் தானாகவே ஓரம் கட்டினான். முத்துப்பேச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வீரணன் கையமர்த்தினான்.

முனீஸ்வரன் திரும்பிப் பார்த்தான். "சொல்லுங்கக்கா."

ஒரு வார்த்தை. இல்லை என்று சொன்னால் நம்புவார்கள், இந்த முறை என்னைத்தான் நம்புவார்கள். வாழ்நாள் முழுக்க என் கடையில் வாடிக்கையாளர் பேசுவது எனக்குக் கேட்கும். தங்கச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. நானும் ஒரு தொழில்காரி. அளவு சரியாக இருக்கிற ஜாக்கெட்டைச் சரியில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

"நின்ன எடத்துலருந்து எடுக்குது" என்றேன். "நல்லாத்தான் இருக்கு."

வீரணன் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். தங்கச்செல்வி அவன் முதுகில் ஒரு அடி வைத்து, "ரோட்டப் பாத்து ஓட்டுண்ணே" என்றாள். வண்டி நின்றுதான் இருந்தது. முனீஸ்வரன் சட்டைப் பைக்குள் கைவிட்டு வால்வைத் தடவிக்கொண்டே இருந்தான்.

பொங்கல் முடிந்து பட்டறை திறந்த காலையில் வாசலில் இம்மானுவேல் முதல் ஆளாக நின்றான், அவனுக்குப் பின்னால் ஸ்டாண்டே நின்றது. முனீஸ்வரன் பெஞ்சைக் காட்டி விளக்கப் போனான். அவர்கள் அவனைக் கேட்கவில்லை, பெஞ்சையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக என் கடை வாசலுக்கு வந்து, "யக்கா, எங்க வண்டியிலயும் ஒக்காந்து ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார்கள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் நான் தைப்பதில்லை. ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீதி நாட்களில் பெஞ்சு காலையிலிருந்து ஓடுகிறது. நேற்று கொஞ்ச நேரம் அது நின்றுபோனது. நான் தையலைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். முனீஸ்வரன் மோட்டாருக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "எப்பப் போடுவ?"